சின்ன ஸ்கூட்டர் வாங்கிப் பெரியவர்களைச் சமாளிப்பது எப்படி?

புது வண்டி வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. மயிலாப்பூரில் இது நடக்கிற காரியமில்லை. "பழைய வண்டியை யாராவது எடுத்துக்குவாங்களாப்பா?" என்று காலையில் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். சாயங்காலத்துக்குள் மூன்றாவது மாடி மாமா லிஃப்ட் வாசலில் காத்திருப்பார்.

"என்னப்பா, வண்டி மாத்தறியாமே? எடுக்கறதுதான் எடுக்கற, 125-ஆ எடுத்துடு. சின்னதெல்லாம் காலேஜ் பொண்ணுங்களுக்குத்தான் சரி."

மாமா கடைசியாக ஓட்டிய ஸ்கூட்டர், பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும் வகையைச் சேர்ந்தது. பெயர் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பஜாஜ் சேதக். அந்தக் காத்திருப்பில் சேர்ந்த ஞானத்தை அவர் யாருக்காவது இறக்கி வைத்தாக வேண்டும். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தலையையும் ஆட்டுங்கள். பிறகு நேராகப் போய்ச் சின்ன வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

நான் எடுத்தது டிவிஎஸ் ஸ்கூட்டி ஜெஸ்ட். இன்ஜின் 109.7 சிசி. எடை 103 கிலோ. சக்கரம் 10 அங்குலம். சீட் தரையிலிருந்து 760 மில்லிமீட்டர் உயரம். அதாவது சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் படும். இந்த எண்களில் ஒன்றுகூட மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "மேடு ஏறுமா?" என்றார். மயிலாப்பூரில் மேடு என்றால் வேகத்தடைதான். இருந்தாலும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது: 2015-ல் அனம் ஹாஷிம் என்ற பெண் இதே மாடல் வண்டியில் லடாக்கின் கர்துங்லா கணவாய்வரை ஏறிவிட்டு வந்தார். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்கே டிராஃபிக் இருக்காது" என்றார்.

அதில் உண்மை இருக்கிறது என்பதுதான் சங்கடம். இங்கே வண்டியின் சக்தியைச் சோதிப்பது மலையல்ல, நெரிசல். 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை சென்னைக்குள் இருசக்கர வண்டிகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் என்றும், குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்றும் வேக வரம்பு வைத்தது. வைத்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள். மாலை ஆறரை மணிக்கு லஸ் கார்னரிலிருந்து பனகல் பூங்கா போகிறவர் 50-ஐத் தொட்டுவிடுவார் என்று நம்பியிருக்கிறார்கள். கூடுதலாக வாங்கும் 15 சிசிக்கு இந்த ஊரில் ஒரே உபயோகம்: அடுத்த சிவப்பு விளக்குக்கு முன்னதாகவே போய் நின்று, சின்ன வண்டிக்காரர் மெதுவாக வந்து பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

அப்போதும் மாமா அடங்கவில்லை என்றால் சரித்திரம் பேசுங்கள். அவர் காலத்துப் பெரிய ஸ்கூட்டர்கள் எங்கே என்று கேளுங்கள். லாம்ப்ரெட்டா தயாரித்த நிறுவனம், சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தின் கையில் இருந்தது. ஸ்டேடியம் இருக்கிறது, லாம்ப்ரெட்டாவைக் காணோம். புல்லட் செய்த என்ஃபீல்டுகூட அறுபதுகளில் 'ஃபான்டாபுலஸ்' என்று ஒரு ஸ்கூட்டர் விட்டுப் பார்த்தது. இன்றைக்கு அதைத் தேடினால் பழைய வண்டிப் பிரியர்களின் ஷெட்டில்தான் கிடைக்கும். ஆனால் 1980-ல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் உட்காரும் மொபெட்டாக வந்த டிவிஎஸ் 50 இருக்கிறதே, அதன் வாரிசு எக்ஸ்எல் 100 இன்று காலையும் தண்ணீர்த்துறை மார்க்கெட் வாசலில் முட்டைக்கோஸ் மூட்டையோடு நின்றுகொண்டிருக்கும். தர்ப்பைக் கட்டும் பித்தளைச் சொம்புமாக சாஸ்திரிகள் ஒருவர் அதன் பின்னாலேயே இன்னொரு எக்ஸ்எல்லில் வருவார். இந்தப் பேட்டையில் நிலைத்து நின்றதெல்லாம் சின்ன வண்டிதான்.

ஷோரூமில்

பசியோடு போகாதீர்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் நிறைய. பசித்தவன் படிக்காமல் போடுவான்.

தம்பி ஒருவர் காபி கொடுத்துவிட்டு ஒரு தாளில் கணக்கு எழுதுவார். முதல் வரி எக்ஸ்-ஷோரூம் விலை. அடுத்தது ஆயுள் வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு லட்சம் ரூபாய்வரை விலையுள்ள இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. சின்ன வண்டி இங்கேயே கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தரும். பிறகு இன்சூரன்ஸ். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். இவையெல்லாம் சட்டம். பேரம் கிடையாது. 2025 செப்டம்பர் 22-ல் 350 சிசிவரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியதே, அந்தக் குறைந்த பணத்தை நாம் எங்கேயாவது பார்ப்போமா என்று நீங்கள் யோசிக்கும்போது, தம்பி தாளின் கீழ்ப் பாதிக்கு வந்திருப்பார்.

கீழ்ப் பாதிதான் இலக்கியம். ஹேண்ட்லிங் சார்ஜ். டெஃப்லான் கோட்டிங். ஆன்டி ரஸ்ட். 'பேசிக் கிட்' என்ற பெயரில் சைடு கார்டு, ஃப்ளோர் மேட், சீட் கவர், கைப்பிடி உறை, ஒரு சாவிக்கொத்து. "எல்லாரும் எடுத்துக்கறாங்க சார்" என்பார். எடுக்கவில்லை என்றால் வண்டி வர "கொஞ்சம் டிலே ஆகும் சார்" என்பார். இரண்டு வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லாதது போலவே முகத்தை வைத்துக்கொள்வார்.

இந்த இடத்தில் கோபப்படக் கூடாது. காபியை முழுசாகக் குடித்துவிட்டு, "பரவாயில்லப்பா, ஜி.பி. ரோட்டுல போட்டுக்கறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிக்கு வேண்டியதும் வேண்டாததும் கடை கடையாகக் கிடைக்கும் என்பது சென்னைவாசிகளின் பிறப்புரிமை அறிவு. அதைச் சொன்னதுமே தம்பி மேனேஜரைப் பார்ப்பார், மேனேஜர் கால்குலேட்டரைப் பார்ப்பார். ஏதாவது ஒரு வரி தானாகவே அழியும். சைடு கார்டு போட்டுக்கொள்ளுங்கள். அதன் தேவை தி.நகர் போனதும் புரியும். டெஃப்லானை விட்டுவிடலாம். வீடு பெசன்ட் நகரில் கடலைப் பார்த்தபடி இருந்தால் மட்டும் துருவைப் பற்றிக் கவலைப்படுங்கள். அந்த உப்புக்காற்று கோட்டிங்குக்கெல்லாம் மயங்காது. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவித் துடைப்பதுதான் வழி. வண்டிக்கு உறை போட்டுப் பொத்தி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கித் துருவுக்கு இன்னும் சௌகரியமாகிவிடும்.

எண் விஷயம். மந்தைவெளி ஆர்டிஓ என்றால் டிஎன் 06, திருவான்மியூர் என்றால் 07, கே.கே. நகர் என்றால் 09. அடையாறுக்காரர்கள் 07-ஐ வாங்கிய பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். நான்கு இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு எளிய பரிகாரம் உண்டு: கூட்டாமல் இருப்பது.

பூஜையை வீட்டுப் பக்கத்துப் பிள்ளையாரிடமே முடித்துக்கொள்ளலாம். முறையாகச் செய்ய ஆசை என்றால் சென்ட்ரல் அருகே பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரர் இருக்கிறார். சென்னைக்குப் புதிதாக வரும் லாரி, வேன், கார், பைக் எல்லாம் அவரிடம் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் தெருவுக்கு இறங்கும். அக்கம்பக்கத்தில் கவர்னரின் மெய்க்காவலர்கள் தங்கியிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். அங்கே மாலை போட்ட லாரிக்கும் மாலை போட்ட எஸ்யூவிக்கும் நடுவில் உங்கள் 103 கிலோவோடு நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முனீஸ்வரர் எடை பார்ப்பவர் இல்லை. ஆனால் எலுமிச்சம்பழம் பார்க்கும். பெரிய வண்டிக்கு ஒரே நசுக்கில் போகும் பழம், சின்னச் சக்கரத்தின் கீழ் வழுக்கிப் பக்கத்து வண்டிக்காரரின் கணக்கில் சேரப் பார்க்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு நகர்த்துங்கள்.

தெருவில்

வண்டியோடு வரும் புத்தகத்தில் முக்கியமான உபதேசம் ஒன்று உண்டு. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகமாக ஓட்டாதே. ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டவும் செய்யாதே. ஜெர்மனியில் இருப்பவர்கள் இதற்காகச் சிரமப்பட வேண்டியிருக்கலாம். ஆர்.கே. மடம் ரோட்டில் தினம் போகிறவர், முயன்றாலும் இந்த விதியை மீற முடியாது.

வெளியே வந்த முதல் நாளே எதிரில் வருபவர்கள் கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார்கள். பயப்படாதீர்கள். உங்கள் ஹெட்லைட் எரிகிறது என்று சொல்கிறார்கள். 2017 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லா இருசக்கர வண்டிகளிலும் இன்ஜின் ஓடினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அணைக்க ஸ்விட்சே கிடையாது. இத்தனை வருஷமாகியும் இந்தச் சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேரவில்லை. புது வண்டியின் பளபளப்பைப் பார்த்தால் அவர்களுக்கு அக்கறை இன்னும் கூடுகிறது. "அது அப்படித்தாங்க" என்று நின்று விளக்க ஆரம்பித்தால் ஆபீஸ் போய்ச் சேர மாட்டீர்கள். நான் கண்ட வழி: வலது கட்டைவிரலால் இல்லாத ஸ்விட்சை ஒரு அழுத்து அழுத்தி, நன்றியாகத் தலையசைக்க வேண்டும். அவர் ஒரு பேட்டரியைக் காப்பாற்றிய திருப்தியோடு போவார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

"சைடு ஸ்டாண்டு!" என்ற குரல் வேறு ரகம். அதற்கு உடனே கட்டுப்படுங்கள். ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் கிளம்பாதபடி பல புது வண்டிகளில் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் மந்தைவெளி மார்க்கெட்டிலிருந்து சாஸ்திரி நகர்வரை முகம் தெரியாத ஒருவர் மேல் அன்பு செலுத்த இந்த ஊர் கண்டுபிடித்த சொல் அது. கேட்டதும் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை.

கியர் இல்லாத வண்டி என்பதால் ஓட்டத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களைக் கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் பார்க்கலாம். முன்னால் நெரிசல். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை அரைகுறையாக முறுக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பெல்ட்டும், சுற்றும் வேகத்தில் விரிந்து டிரம்மைப் பற்றிக்கொள்ளும் கிளட்ச் ஷூக்களும் இருக்கின்றன. அரை முறுக்கில் அந்த ஷூ பற்றவும் பற்றாது, விடவும் விடாது, தேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் வாசனை வரும். ஓட்டுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்து, "யார் வண்டிப்பா?" என்பார். நிற்கும்போது பிரேக், நகரும்போது ஆக்சிலேட்டர். இந்தக் கட்டுரையில் முழுசாக நம்பக்கூடிய அறிவுரை அநேகமாக இது ஒன்றுதான்.

10 அங்குலச் சக்கரம் மாமாவுக்குப் பிடிக்காமல் போனதில் நியாயம் உண்டு. 12 அங்குலச் சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் 10 அங்குலம் இறங்கிப் பார்த்துவிட்டு வரும். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த தெருக்களில், குறிப்பாக இரும்புத் தகடு போட்டு மூடிய இடங்களில், தகட்டின் விளிம்பை நேராக ஏறுங்கள். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் தன் சொந்த முடிவை எடுக்கும். மயிலாப்பூருக்குக் கீழே இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சந்திக்கப் போகின்றன. திருமயிலை நிலையம் நகரத்திலேயே மிக ஆழமானவற்றில் ஒன்றாக வரும். அதுவரை மேலே கச்சேரி ரோட்டுக்கும் லஸ்ஸுக்கும் எந்த நாள் எந்தப் பக்கம் வழி என்பதைப் பஞ்சாங்கத்தில்தான் சேர்க்க வேண்டும். 'காவேரி' என்று பெயர் வைத்த சுரங்க இயந்திரம் 2023-ல் கிரீன்வேஸ் ரோட்டில் கிளம்பி, அடையாற்றுக்கு அடியில் துளைத்துக்கொண்டே 2024-ல் அடையாறு சந்திப்புக்கு வந்து சேர்ந்தது. திரு.வி.க. பாலத்தின் மேலே 29சி பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சில சாயங்காலங்களில், கீழே போகிறவர்கள் முந்திவிடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் சக்கரத்தில் இழந்ததை வண்டி உடம்பில் மீட்டுத் தரும். தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும்போது பெரிய வண்டிக்காரர் யோசிப்பார். நீங்கள் அதற்குள் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள்.

நிறுத்துவது

இதுதான் விஷயமே. ஓட்டுவது சென்னையில் ஒரு இடைக்கால நிலை, நிறுத்துவதுதான் லட்சியம்.

தி.நகரில் ஸ்கூட்டர் நிறுத்தியவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு இயற்கை விதி உண்டு: வண்டி நீங்கள் விட்ட இடத்தில் இருக்காது. திருடு போயிருக்காது. நகர்ந்திருக்கும். உங்களுக்குப் பின் வந்தவர் தன் வண்டிக்காக உங்களதை ஒரு அடி தள்ளியிருப்பார். அவருக்குப் பின் வந்தவர் இன்னும் ஒரு அடி. ஹேண்டில் லாக் போட்டிருந்தால் பின்பக்கம் தூக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் புடவைக் கடையிலிருந்து மூன்று பைகளோடு திரும்பும்போது வண்டி பாண்டி பஜாரிலிருந்து தணிகாசலம் ரோட்டை நோக்கிப் பயணத்தில் இருக்கும். 103 கிலோ என்பதன் முழு அர்த்தம் இங்கேதான் விளங்கும். கனமான வண்டி என்றால் யாரும் தூக்க மாட்டார்கள், இடிப்பார்கள். லேசான வண்டியை மரியாதையாக எடுத்து வைப்பார்கள். திரும்பி எடுக்கும்போது நீங்களும் அதையே செய்யலாம். சுற்றிலும் நாலு வண்டி அடைத்து நின்றால், பெரிய வண்டிக்காரர் "யார் வண்டிங்க இது?" என்று கத்திக்கொண்டிருப்பார். நீங்கள் பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி, முக்கால் வட்டம் திருப்பி, கிளம்பிவிடலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தூக்குவதற்கு முன் பக்கத்தில் நிற்கும் இளைஞரை ஒரு பார்வை பார்த்தால் போதும். "விடுங்க சார், நான் எடுத்துத் தர்றேன்" என்பார். தி.நகரில் இன்னும் மிச்சமிருக்கும் நாகரிகம் இது.

ரங்கநாதன் தெருவுக்குள் வண்டியோடு போகலாமா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அங்கே நடந்து போவதற்கே முன்னால் போகிறவரின் சம்மதம் வேண்டும். மேற்கு மாம்பலம் பக்கம் நிறுத்திவிட்டு, 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேம்பாலத்தில் ஏறி, மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டி நடந்தே வந்துவிடுவது உத்தமம். ஸ்கூட்டர் வாங்கியதே நடக்காமல் இருக்கத்தானே என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லாமல் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்கழி சபா சீசனில்தான் சின்ன வண்டியின் ராஜ்யம். வாணி மகாலுக்கோ மியூசிக் அகாடமிக்கோ காரில் வருகிறவர்கள் வர்ணம் முடியும்வரை தெருத் தெருவாகச் சுற்றி, ராகம் பாதியில் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டபடி இருக்கைக்கு வருவார்கள். நீங்கள் அதற்குள் கேன்டீனில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டே முடித்திருக்கலாம்.

சாமான் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சீட்டுக்கு அடியில் 19 லிட்டர் இடம். ஹெல்மெட்டா கத்திரிக்காயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்கொக்கி இரண்டு பைகளுக்கு; மூன்றாவது பையை மாட்டினால் ஹேண்டில் திரும்பாது. கால் வைக்கும் தட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் சரியாக உட்காரும். புரட்டாசியில் வடக்கு மாடவீதியில் வாங்கிய கொலு பொம்மையும் உட்காரும். ஆனால் தசாவதாரம் செட் வாங்கினால் ஆட்டோ பிடியுங்கள், பத்து அவதாரத்தையும் ஒரே தடவையில் இந்த வண்டியில் கொண்டுபோக முயன்றால் கூர்மத்தின் கழுத்துதான் முதலில் போகும்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் உண்டு. சென்னையில் 2022 மே 23 முதல் அதற்கும் அபராதம் போடத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மல்லிகைப்பூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே வீட்டில் ஒரு வழக்கு வரும். தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது: பூவை வாழையிலையில் சுற்றி அந்த 19 லிட்டரில் வையுங்கள், மண்டபத்து வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைச் சொல்லும்போது அபராதத்தைக் காரணமாகச் சொல்லுங்கள், தலையைச் சொல்லாதீர்கள். ஆயிரம் ரூபாய் என்றால்தான் வீட்டில் கேட்கிறார்கள்.

மழையில் விளையாட்டு வேண்டாம். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் சுற்றிப் போங்கள். சின்ன வண்டியில் எல்லாமே தரைக்கு அருகில் இருக்கிறது, சைலன்ஸர் உட்பட. தண்ணீருக்குள் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், உதைக்கவும் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனோடு சேர்ந்து பர்ஸும் போகும். தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு சிறிது தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டினால் டிரம் காயும். அதற்கு முன்னால் நம்பி அழுத்தாதீர்கள்.

வாங்கிய பிறகு கேட்பவை

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி கேள்விகள். முதல் கேள்வி, "ஏன் எலக்ட்ரிக் எடுக்கல?" கேட்பவர் பெரும்பாலும் பெட்ரோல் கார் வைத்திருப்பார். ஏத்தர் நிறுவனம் இங்கே கூப்பிடு தூரத்தில் ஐஐடி மெட்ராஸில் 2013-ல் முளைத்தது. இப்போது ஓசூரில் செய்கிறார்கள். ஓலாவின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆக, எலக்ட்ரிக் வாங்குவது தமிழ்நாட்டுக்காரரின் கடமை என்றே சொல்லலாம். மறுக்காதீர்கள். "பார்க்கிங்ல ஒரு சார்ஜிங் பாயிண்ட் போட அசோசியேஷன் மீட்டிங்ல பேசறீங்களா மாமா?" என்று மட்டும் கேளுங்கள். எண்பதுகளில் கட்டிய ஃப்ளாட்டில் பொது மீட்டரா, தனி மீட்டரா, வயர் யார் சுவரில் போவது என்ற விவாதத்தை ஒரு முறை பார்த்தவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு முடிவே கிடையாது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், மாடவீதியில் பூக்காரம்மா, ராயர் மெஸ் வாசலில் இட்லிக்குக் காத்திருப்பவர், எல்லோரும் கேட்பார்கள்: "எவ்ளோ குடுக்குது?"

உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் டாங்க்கை முழுசாக நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நாள் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி முழுசாக நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். நூறு ரூபாய்க்குப் போடுகிற பழக்கத்தை வைத்துக்கொண்டு மைலேஜ் பார்க்க முடியாது. சென்னையில் நூறு ரூபாய்க்கு இப்போது ஒரு லிட்டர்கூட முழுசாக வராது. விளம்பரத்தில் போடும் எண், சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. அந்த உருளையில் வேகத்தடையும் கிடையாது, சுவாமி புறப்பாடும் கிடையாது. ஆகவே உங்கள் எண் குறைவாகத்தான் இருக்கும். புது இன்ஜின், முதல் சர்வீஸ் ஆகி ஆயில் மாற்றும்வரை அதை வைத்து ஒரு முடிவுக்கும் வரத் தேவையில்லை.

ஆனால் அந்த எண்ணை வெளியே சொல்லாதீர்கள். யார் கேட்டாலும் "ஐம்பது" என்று சொல்லிவிடுங்கள். குறைத்துச் சொன்னால் கார்புரேட்டரை டியூன் பண்ணச் சொல்வார்கள். 2020-க்குப் பிறகு வந்த உங்கள் வண்டியில் கார்புரேட்டரே இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் சிக்னல் இரண்டு முறை விழுந்துவிடும். கூட்டிச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் மச்சினன் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்து நிற்பார்.